குதிரை லத்தியில் எழுந்த மண்

வீட்டைக் காலி செய்கிறவர் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றுவார். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் காய்கறித் தோட்டத்தைக் காலி செய்தவர்கள் அப்படித்தான் மண்ணையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். குத்தகை முடியும்போது குறிப்பிட்ட ஆழம் வரை மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அங்கே வழக்கம். ரஷ்ய இளவரசராகப் பிறந்து அரசுகளே வேண்டாம் என்று எழுதித் திரிந்த பியோத்தர் குரோபோட்கின், 1899இல் வந்த ‘வயல்கள், தொழிற்சாலைகள், பட்டறைகள்’ நூலில் இதை வியப்போடு பதிவு செய்கிறார். நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், அதன் மேல் கிடக்கும் கருமண் தோட்டக்காரர் உண்டாக்கியது. ஆகவே கண்ணாடிச் சட்டங்கள், தண்ணீர்க் குழாய்கள் ஆகியவற்றோடு அதுவும் புது இடத்துக்குக் கிளம்பிவிடும்.

உயர்ந்த பாத்தி கட்டிச் செடி வளர்க்க ஆசைப்படுகிற எவரும் முதலில் முட்டிக்கொள்வது அதை எதைப் போட்டு நிரப்புவது என்ற கேள்வியில்தான். 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் அது 64 கன அடி, ஏறக்குறைய 1,800 லிட்டர் மண்ணை விழுங்கும். பலகைக்கும் செங்கல்லுக்கும் ஆகும் செலவை ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். உள்ளே போடுவதற்கு ஆகும் செலவுதான் ஆளை உட்கார வைக்கும். பாரிஸ்காரர்கள் இந்தக் கணக்கை ஏக்கர் ஏக்கராகப் போட்டுப் பார்த்தவர்கள். மண்ணை விலைக்கு வாங்காமலே அவர்கள் அதைத் தீர்த்தார்கள்.

அவர்களுக்கு முன்பே, கொஞ்சம் தள்ளி வெர்சாயில், ஓர் அரசன் இதே வேலையைப் பணத்தைக் கொட்டிச் செய்து பார்த்திருந்தான். பதினான்காம் லூயி 1678இல் தன் சமையற்கட்டுக்கென்று ஒரு தோட்டம் போடச் சொன்னான். பொறுப்பு ழான்-பாப்டிஸ்ட் தெ லா கந்தினியிடம் வந்தது. சட்டம் படித்து, பிறகு மரங்களின் பக்கம் சாய்ந்துவிட்ட மனிதர் அவர். கொடுக்கப்பட்ட இடமோ ‘நாறும் குளம்’ என்று ஊரார் அழைத்த சதுப்பு. பக்கத்தில் சுவிஸ் காவற்படையினர் ஒரு பெரிய ஏரியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணைக் கொண்டுவந்து சதுப்பைத் தூர்த்தார்கள். அது பயிருக்கு ஆகவில்லை. பிறகு சதோரிக் குன்றிலிருந்து நல்ல மண்ணை அள்ளிவந்து மேலே பரப்பினார்கள். 1683 வரை வேலை இழுத்தது, சுமார் 9 ஹெக்டேர். கடைசியில் டிசம்பரில் ஆஸ்பராகஸும் மார்ச் முடிவதற்குள் ஸ்ட்ராபெரியும் அரசனின் தட்டுக்கு வந்தன. தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனாலும் தனக்கு வாய்த்த மண்ணைப் பற்றி லா கந்தினிக்குக் கடைசிவரை மனக்குறைதான். அவர் இறந்து 2 ஆண்டு கழித்து, 1690இல் வந்த அவருடைய நூலில் அந்தப் புலம்பல் பதிவாகியிருக்கிறது.

கஜானா இல்லாதவர்களுக்குக் குன்றை வெட்டும் வழி திறந்திருக்கவில்லை. ‘மராஷே’ என்று அழைக்கப்பட்ட பாரிஸ் காய்கறித் தோட்டக்காரர்கள் நகரத்தின் லாயங்களைப் பார்த்துப் போனார்கள்.

வாடகை வண்டி, பார வண்டி, பட்டாளம், பணக்காரர் வீட்டுச் சாரட்டு என்று எல்லாமே குதிரையில் ஓடிய காலம் அது. 1855இல் பல நிறுவனங்கள் ஒன்றாகி ஆம்னிபஸ் கம்பெனி உருவானபின், ஒரே கையில் ஆயிரக்கணக்கான குதிரைகள் சேர்ந்தன. லாயத்தில் தினமும் லத்தியும் மூத்திரமும் ஊறிய வைக்கோல் குவியும். அள்ளாமல் விட்டால் குதிரைக்குக் குளம்பு நோய், அக்கம்பக்கத்தாருக்கு ஈ. லாயக்காரருக்கு அது தலைவலி. தோட்டக்காரர் ராத்திரியில் காய்கறி ஏற்றிய வண்டியைச் சந்தைக்கு ஓட்டுவார். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலி. அந்தக் காலி வண்டியில்தான் லத்தி வந்தது. போக்குவரத்துச் செலவு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்பதே இந்த முழுப் பொருளாதாரத்தின் அச்சாணி.

பாத்தி போடும் முறை 1845இல் மொரோ, தவெர்ன் என்ற 2 தோட்டக்காரர்கள் எழுதிய கையேட்டில் விரிவாகக் கிடைக்கிறது. தொழில் செய்தவர்களே எழுதியதால் அதில் அளந்து பார்த்த அனுபவம் இருக்கிறது. குளிர்காலம் நெருங்கும்போது புது லத்தியையும் முந்தைய பாத்தியிலிருந்து எடுத்த பழைய லத்தியையும் கலந்து, முழங்காலுக்கு மேல் உயரும் அளவுக்குப் பரப்பி மிதிப்பார்கள். கடுங்குளிர் மாதங்களில் இது 60 செ.மீ. வரை போகும். அதன் மேல் ஒரு சாண் அளவுக்குக் கருமண். அதற்கும் மேலே கண்ணாடி பதித்த சட்டம், அல்லது செடிக்கொன்றாகக் கவிழ்க்கும் மணி வடிவக் கண்ணாடி. இரவில் வைக்கோல் பாய் போர்த்துவார்கள். பாத்திகளுக்கு நடுவிலுள்ள நடைவழியிலும் லத்தியை அடைத்து, பக்கவாட்டிலும் சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

சூடுதான் இதில் சூட்சுமம். மாட்டுச் சாணத்தில் ஈரம் அதிகம், நெருங்கிப் படிந்துவிடும். குதிரை தான் தின்றதை முழுதாகச் செரிப்பதில்லை. லத்தியில் நாரும் காற்றும் தங்கும். வைக்கோலின் கரிமமும் மூத்திரத்தின் தழைச்சத்தும் சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி, முதல் சில நாட்களில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கவிடும். அப்போது விதைத்தால் விதை வெந்துபோகும். உள்ளே குச்சியைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவிக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கை தாங்கும் சூடு என்றால் விதைப்பு. வெளியே பனி உறைந்திருக்கும்போது உள்ளே முள்ளங்கியும் கேரட்டும் ஒரே பாத்தியில் முளைக்கும், அவற்றின் இடையே லெட்யூஸ் நட்டிருக்கும். முள்ளங்கி முதலில் வெளியேறும், பிறகு லெட்யூஸ், அந்த இடத்தில் காலிஃபிளவர். வசந்தம் முற்றியதும் முலாம்பழம்.

பருவம் முடியும்போது 60 செ.மீ. இருந்த மேடு பாதிக்கும் கீழாக அமுங்கியிருக்கும். அமுங்கியது முழுக்க மக்கி, உதிரியாக, கறுப்பாக மாறியிருக்கும். அதை வாரி அடுத்த ஆண்டுப் பாத்தியின் மேல் சாணுக்குப் பரப்பினார்கள். இந்த ஆண்டின் அடிநிரப்பு அடுத்த ஆண்டின் மேல்மண். விதை தொடும் அந்த ஒரு சாண் மண்ணைத்தான் நல்லதாகத் தேட வேண்டியிருக்கும்; அதையும் அவர்கள் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கவில்லை. இன்றைக்குத் தொட்டியை அடியிலிருந்து நுனிவரை மூட்டை மண்ணால் நிரப்பிவிட்டு, ஆறு மாதத்தில் அரை அடி இறங்கிவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்து அந்த மராஷேக்கள் சிரித்திருப்பார்கள். அவர்களுடைய கணக்கில் பாத்தி இறங்கினால்தான் லாபம்.

இஸ்ரேலிய வேளாண் அறிவியலாளர் ஜெரால்ட் ஸ்டான்ஹில் 1977இல் இந்தக் கணக்கைத் தொகுத்துப் பார்த்தார். நகரப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 1,400 ஹெக்டேர், இப்படிப்பட்ட தோட்டங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் சாலட் வகைகள், அதுவும் பருவம் தப்பிய காலத்தில். அதற்கு உள்ளே போனது ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் லாய எரு. வகுத்தால் ஹெக்டேருக்குச் சுமார் 700 டன் வருகிறது. தமிழ்நாட்டில் வேளாண்துறை வழக்கமாகப் பரிந்துரைக்கும் தொழு உரம் ஹெக்டேருக்கு 12.5 டன். அங்கே நடந்ததை உரமிடுதல் என்று சொல்வதற்கில்லை. ஏற்கெனவே இருந்த நிலத்தின் மேல் இன்னொரு நிலத்தைக் கட்டியிருக்கிறார்கள். பழைய நிலம் மணலா களியா என்பதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. தேவைக்கு மேல் மிஞ்சிய மண்ணே ஆண்டுதோறும் சாகுபடிப் பரப்பை 6 சதவீதம் விரிக்கப் போதுமானதாக இருந்தது என்கிறார் ஸ்டான்ஹில்.

தனி மனிதரிடம் இது எப்படி இருந்தது என்பதற்குக் குரோபோட்கின் காட்டும் உதாரணம் போன்ஸ் என்ற தோட்டக்காரர். போன்ஸும் தன் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். அவரிடம் இருந்தது 2.7 ஏக்கர். ஒரே ஆண்டில் சாலட் கீரை மட்டும் 1,54,000 கொத்து. கேரட், வெங்காயம், முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் சேர்த்து மொத்தம் 2,50,000 பவுண்டு எடை. இவ்வளவுக்கும் பிறகு, மக்கிய மண் குவிந்து இடத்தை அடைத்ததால் ஆண்டுக்கு 250 கன கெஜம் மண்ணை விற்றே ஆகவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தோட்டம் உயர்ந்துகொண்டே போகும். மண் வாங்கக் காசு தேடும் காலத்தில் இதைப் படிக்கிறவருக்குப் பொறாமை வராமல் இருக்காது.

பொறாமைப்படுவதற்கு முன் அவர்களுடைய முதுகையும் பார்க்கவேண்டும். கண்ணாடிக்கு இடம் விடுவதற்காக நடைவழிகளை ஓர் அடி அகலத்துக்குள் சுருக்கியிருந்தார்கள். தள்ளுவண்டி நுழையாது. லத்தியும் மண்ணும் முதுகுக் கூடையில்தான் போயின. இரண்டு கையிலும் செம்புப் பூவாளி பிடித்துக் கோடையில் நாள் முழுவதும் தண்ணீர் ஊற்றினார்கள். மனைவி, பிள்ளைகள், கூலியாட்கள் எல்லோருக்கும் வேலை. விடியுமுன் சந்தை, பகலில் பாத்தி, இருட்டியபின் பாய் போர்த்துதல். தோட்டக்காரர்களின் காவல் புனிதரான ஃபியாக்கரின் திருநாள் ஆகஸ்ட் 30இல் வரும்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்திருப்பார்கள்.

நகரம் அவர்களை நிற்கவும் விடவில்லை. தெரு அகலமாக ஆக, கட்டடம் எழும்ப எழும்ப, நில வாடகை ஏறியது. 1860இல் சுற்றுக் கிராமங்களைப் பாரிஸ் விழுங்கிக்கொண்டபின் ஓட்டம் இன்னும் வேகமெடுத்தது. மண்ணை அள்ளிக்கொண்டு போகும் ஒப்பந்த வரி இந்த விரட்டலில்தான் அர்த்தம் பெறுகிறது. நூற்றாண்டு முடியும்போது பொபினி போன்ற புறநகர்களில் அவர்களின் கண்ணாடிகள் மின்னிக்கொண்டிருந்தன.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இதைப் பார்த்து ஆசை வந்தது. 1905 வாக்கில் ஈவ்ஷம் பகுதி விவசாயிகள் பாரிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எஸ்ஸெக்ஸின் மேலண்டில், அமெரிக்க சோப்பு வணிகர் ஜோசப் ஃபெல்ஸ் பணம் போட்ட குடியிருப்பில், தாமஸ் ஸ்மித் பிரெஞ்சு முறைத் தோட்டம் ஒன்றை நடத்தினார். பிரான்சிலிருந்து அக்வாத்தியாஸ் என்ற தொழில் தெரிந்தவரையும் வரவழைத்தார்கள். ஸ்மித் 1909இல் எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதியவர் குரோபோட்கின். பத்திரிகைகள் ஏக்கருக்கு எவ்வளவு பவுன் தேறும் என்று எழுதித் தள்ளின. சில ஆண்டுகளிலேயே ஆர்வம் வடிந்தது. கண்ணாடிச் செலவு ஒரு காரணம். பெரிய காரணம், பாரிஸ் தோட்டங்களைப் பார்த்தவர்கள் லாயத்தைப் பார்க்கத் தவறியது. சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டியே லத்தியோடு திரும்பும் தூரத்தில் தோட்டம் இல்லையென்றால் அந்த முறை மலிவானதே அல்ல.

பாரிஸிலும் அதே கதிதான் வந்தது. 1913 ஜனவரியில் கடைசிக் குதிரை ஆம்னிபஸ் ஓடி நின்றது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் மிச்சமிருந்த குதிரைகளில் ஏராளமானவற்றை ராணுவம் பிடித்துக்கொண்டது. போர் முடிந்தபோது தெருவில் மோட்டார். கிடைத்த கொஞ்ச லத்திக்கும் போட்டி: பாரிஸைச் சுற்றியிருந்த கல் சுரங்கங்களில் காளான் வளர்த்தவர்களுக்கும் அதே சரக்குதான் தேவை. தெற்கிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் ரயிலிலும் கப்பலிலும் வந்த காய்கறி வேறு விலையைக் கீழே தள்ளியது. தாராளமாகக் கிடைத்தது அரிதான நாளில் அந்தத் தொழில் சரியத் தொடங்கிவிட்டது.

லத்தி இருந்த இடத்துக்கு ஐரோப்பியத் தோட்டங்களில் கரிச் சதுப்பிலிருந்து வெட்டிய ‘பீட்’ வந்து உட்கார்ந்தது. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனம் வகுத்த புகழ்பெற்ற தொட்டிக் கலவை 7 பங்கு மண், 3 பங்கு பீட், 2 பங்கு மணல். பீட் சதுப்பில் படிவது ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். இரண்டு அடித் தொட்டியை அதனால் நிரப்பினால் 600 ஆண்டு படிந்ததை ஒரு மத்தியானத்தில் கொட்டுகிறோம். அது தெரிந்தபின் கண்கள் கிழக்கே திரும்பின. பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்களைச் சுற்றி ஒரு காலத்தில் தென்னை நார்க்கழிவு மலையாகக் குவிந்து கிடக்கும். சாலையோரம் கொட்டுவார்கள், தீ வைப்பார்கள். லிக்னின் மிகுந்த சரக்கு, லேசில் மக்காது. கரிம-தழைச்சத்து விகிதம் 112க்கு 1. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகத் தூவி, அதை 24க்கு 1 ஆக இறக்கிக் காட்டியது. இன்று அதே கழிவு கழுவி, காய்ந்து, 5 கிலோ கட்டியாக அழுந்திக் கப்பலேறுகிறது. நெதர்லாந்தின் பசுங்குடில்களில் தக்காளி அதில் நிற்கிறது. முன்பு மில்காரர் அள்ளிப்போகச் சொல்லிக் கெஞ்சிய சரக்கை, பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊரில் மாடித் தோட்டம் போடுகிறவரே இப்போது விலை விசாரித்துத்தான் வாங்குகிறார்.

லத்திக் காலத்திலேயே பாரிஸ் சுற்றுவட்ட விவசாயிகள் நகரத்தின் வேறொரு கழிவையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1883இல் சேன் மாவட்ட ஆட்சியர் யூஜீன் புபேல் வீட்டுக்கு வீடு குப்பைத் தொட்டி வைக்க உத்தரவிட்டார். கண்ணாடிக்கும் சிப்பி ஓட்டுக்கும் தனித் தொட்டி வேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார், ஊர் கேட்கவில்லை. சேர்ந்த குப்பை வண்டி வண்டியாக வயலுக்குப் போனது. அதோடு சாக்கடை நீர். ஜென்வில்லியே கிராமத்தில் 1860களின் முடிவிலேயே பொறியாளர்கள் மில், துராந்-கிளே இருவரும் கழிவுநீரைப் பாய்ச்சிக் காய்கறி விளைவித்துக் காட்டினார்கள். மணல் நிலம் கறுத்துப் பொன்னாக விளைந்தது. வீடுகளின் கழிவையெல்லாம் சாக்கடையில் சேர்க்கச் சொல்லும் சட்டம் 1894இல் வந்ததும் பாசனப் பரப்பு அஷேர், பியர்லே என்று நீண்டது. பாரிஸின் கழிவை நகரம் தன் செலவிலேயே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தது. எந்த விவசாயி மறுப்பார்?

நூறாண்டு பாய்ந்த நீரோடு பட்டறைகளின் ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் வந்து மண்ணில் தங்கின. லத்தியிலிருந்த கரிமம் மக்கிக் காற்றோடு போகும், உலோகம் போகாது. பியர்லே, பெஸ்ஸான்கூர் சமவெளியில் 1999-2000இல் காய்கறி சாகுபடிக்கே தடை வந்தது. ஒரு காலத்தில் பாரிஸுக்கு வெங்காயத் தாளும் கீரையும் அனுப்பிய நிலம் குப்பை கொட்டும் இடமாகச் சீரழிந்தது. 2019 முதல் அங்கே சுமார் 1,340 ஹெக்டேரில் காடு வளர்க்கும் திட்டம் நடக்கிறது, 10 லட்சம் மரக்கன்றுகள்.

பழைய லத்தியும் இப்போது பழைய லத்தி இல்லை. 2008இல் பிரிட்டனில் பல தோட்டங்களில் உருளையும் தக்காளியும் அவரையும் பெரணி இலை மாதிரி சுருண்டன. தேடிப் பார்த்ததில், மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க அடித்த அமினோபைரலிட் என்ற மருந்து புல்லோடு கால்நடை வயிற்றுக்குள் போய், அழியாமல் எருவில் வெளியேறி, இலவசமாகவோ மலிவாகவோ பாத்திக்கு வந்திருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மருந்தின் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். பிறகு நிபந்தனைகளோடு திரும்பியது. அதன்பின் அங்குள்ள தோட்டக்காரர்கள் ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டார்கள். வண்டி எரு வந்து இறங்கியதும் அதில் கொஞ்சத்தை எடுத்துச் சுத்தமான மக்கு உரத்தோடு கலந்து இரண்டு மூன்று தொட்டிகளில் போட்டு, அவரை விதை ஊன்றுகிறார்கள். எரு சேராத மக்கு உரத்திலும் அதே விதை, பக்கத்திலேயே. மூன்று நான்கு வாரத்தில் இரண்டிலும் இலை ஒரே மாதிரி விரிந்தால் மீதி வண்டி பாத்திக்குப் போகும்.